கையால் திருப்புகிற லென்ஸ்

கடைக்காரர் என்னிடம் மூன்று முறை வேண்டாம் என்று சொன்னார். நேரு வீதியில் கணினிச் சாமான் விற்கிறவர், ஐம்பது வயதிருக்கும், பொறுமைசாலி. வீட்டில் வைத்துப் பேசுகிற வெப்கேமராக்களில் நாலைந்தை எடுத்து மேசைமேல் பரப்பினார். எல்லாம் தாமாகவே ஃபோகஸ் செய்துகொள்கிறவை. நான் அவற்றைத் தொடாமல், கண்ணாடி அலமாரிக்குள் இருந்த இன்னொன்றைக் காட்டினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரும்புப் பெட்டி. அதன் முன்னால், அதைவிடப் பெரிதாக, வளையம் வளையமாக ஒரு லென்ஸ்.

"அது உங்களுக்கு எதுக்கு சார்? தட்டாஞ்சாவடி கம்பெனிக்காரங்க வாங்கினு போறது. சர்க்யூட் போர்டுல ஈயம் பத்தவச்சது சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு. ஜூம் பண்ணணும்னா கையால திருப்பணும். திருப்பினா ஃபோகஸ் போயிடும், அத மறுபடி திருப்பணும். யாரு அதும் பக்கத்துலயே நின்னுனு இருக்கறது?"

"நான் நிப்பேன்" என்றேன்.

"உங்க இஷ்டம். ஆனா திருப்பிக் கொண்டாந்தா எடுத்துக்க மாட்டேன்."

பிரெஞ்சுவழிப் பள்ளி ஒன்றில் முப்பத்தாறு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மெழுகுவத்தி, குவிலென்ஸ், வெள்ளை அட்டை மூன்றையும் வைத்துக்கொண்டு தலைகீழ்ப் பிம்பம் எப்படி விழுகிறது என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் காட்டியிருக்கிறேன். எனக்கு ஒரு கடைக்காரர் லென்ஸைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று கோபம் வந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம். இந்த வயதில் எனக்கு வருகிற கோபங்களில் பாதி அப்படிப்பட்டவை.

கேமரா என் தங்கைக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், பிரான்சில் இருந்த அவள் மகனுக்காக. கணவன் இறந்தபின் தங்கை என் வீட்டில்தான் இருந்தாள். என் மனைவியும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். தங்கைக்குக் கல்லீரலில் கட்டி என்று ஒரு வருடம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். கடைசியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்றார் டாக்டர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நேராகச் சொன்னார்.

தங்கைக்கு ஒரே மகன். அவன் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் ஆள் உண்டு. அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ அந்தக் காலத்தில், பிரெஞ்சு ஆட்சி எங்கள் ஊரைவிட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். பிள்ளைகள் டிசம்பரில் வருவார்கள், கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ஜனவரியில் விமானம் ஏறிவிடுவார்கள். எங்கள் அப்பா கையெழுத்துப் போடவில்லை. அதனால் தங்கை மகன் சுற்றுலா விசாவில் போய், காகிதம் இல்லாமல் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்து, ஒரு பெண்குழந்தையும் பெற்று, ஒன்பதாம் வருடம்தான் குடியிருப்பு அட்டைக்கு மனுப் போட முடிந்தது. மனுவை வாங்கிக்கொண்டு அவனுக்கு ஒரு 'ரெசிபிஸே' கொடுத்தார்கள். தற்காலிக ரசீது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். அவனுக்குத் தெரிந்தது சமையலறைப் பிரெஞ்சு. அரசாங்கப் பிரெஞ்சுக்கு மாமா வேண்டும். முதன்முறை மனுப் போட்டவனுக்குக் கொடுக்கிற ரசீது அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. அதை அவனுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னவன் நான். தங்கைக்கும் சொன்னேன்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"அவனுக்கு அட்டை கைக்கு வர்ற வரிக்கும் நான் நல்லா இருக்கேன்" என்றாள்.

"அது உன் கையிலயா இருக்கு?"

"இருக்கறத பத்தி யாரு சொன்னா? நல்லா இருக்கேன்னு அவங்கிட்ட சொல்லப்போறேன். நீயும் அதயே சொல்லு."

அதுவரை கைப்பேசியில்தான் பேசினார்கள். அவள் கை நடுங்கும், படம் ஆடும். "அம்மா, கிட்ட காட்டும்மா" என்பான். அவள் கைப்பேசியை மேலும் தள்ளிப் பிடிப்பாள். கூரைதான் தெரியும். அவனுக்குச் சந்தேகம் வந்தது. நல்ல கேமராவாக ஒன்று பார்த்து வாங்குங்கள் மாமா, அம்மா முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கேட்டான். அவளுக்கோ கேமரா தூரத்தில் இருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

ஏன் அந்த லென்ஸ் என்று சொல்லிவிடுகிறேன். தானாக ஃபோகஸ் செய்கிற கேமரா, குறுக்கே கொசுவலை ஆடினால் வலையைப் பிடித்துக்கொள்ளும், ஆளை விட்டுவிடும். எங்கள் வீட்டில் மின்விசிறியும் கொசுவலையும் இல்லாத நேரம் கிடையாது. பெட்டியில் எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டு உயர்தெளிவு என்று எழுதியிருந்தாலும், வீடியோ பேசும்போது இணையத்துக்காகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். தூரத்தில் எடுத்த படத்தை அந்தப் பக்கம் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். லென்ஸே கிட்டப் பிடித்தால் அப்படியல்ல, முகத்தின் ஒவ்வொரு மயிரும் போய்ச் சேரும். ஐந்து மில்லிமீட்டரிலிருந்து ஐம்பது மில்லிமீட்டர்வரை திரும்புகிற லென்ஸ் அது. பத்தடி தூரத்தில் வைத்தால், ஒரு கோடியில் கட்டில் முழுதும் தெரியும். மறு கோடியில் ஒரு முகம் மட்டும். எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே நிறுத்திவிட்டு, வளையத்தில் இருக்கிற சின்னத் திருகை இறுக்கிவிட்டால் அசையாது.

தங்கை அறையில் டிவிக்கு மேலே பலகை அடித்துக் கேமராவைப் பொருத்தினேன். மடிக்கணினியை டிவியோடு இணைத்தேன். திரையில் மகன் முகம், மூலையில் சின்னதாக அவள் படம். முதல்நாள் அந்தச் சின்னப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கட்டில், தலையணைகள், ஜன்னல், நடுவில் அவள். முகம் ஒரு கட்டைவிரல் நகம் அளவு.

"இது சரியா இருக்கு. இதுக்கு மேல கிட்ட வராதே அண்ணா."

"சரி."

"சரின்னு சொல்லாத. அந்தத் திருகாணிய என் எதிர்ல முடுக்கு."

முடுக்கினேன். அவள் எதிரிலேயே.

அதன்பின் நடந்தது ஒரு நாடகம், தினமும் பகல் ஒன்றரைக்கு. அங்கே அப்போது காலை, அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா லுஹர் தொழுகை முடித்ததும் வந்துவிடுவார். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தையல் வேலை. தங்கைக்கு முகம் துடைத்துப் பவுடர் போட்டு, தலைவாரி, உடம்பு இளைத்தது தெரியாமலிருக்கத் தானே தைத்துக்கொண்டுவந்த ரவிக்கையைப் போட்டுவிடுவார்.

"தோள்ல ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சுருக்கேன் அக்கா. இன்ஸ்பெக்டரு மாதிரி இருக்கீங்க."

"அப்பன்னா சல்யூட் அடிடி."

மடியில் சோற்றுத் தட்டு. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்திருக்கும். மகன் பார்க்கும்போது ஒரு கவளத்தை எடுத்து வாய்வரை கொண்டுபோவாள், அப்போதுதான் ஏதாவது பேச்சு ஞாபகம் வரும், கவளம் தட்டுக்குத் திரும்பும். பேசி முடித்ததும் தையல்காரம்மா தட்டை எடுத்துக்கொண்டு போவார். உள்ளே போனது மோர் இரண்டு கரண்டி. நான் டிவி பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்காப்பா, நேத்து வாசல்வரிக்கும் நடந்தா" என்பேன்.

நான்கு மாதம் அப்படி நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாகிறவளுக்கு என்ன நடிப்பு என்று தங்கைமேல் கோபம். அவளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துச் சிரிக்கவும் வைக்கிற தையல்காரம்மாமேல் கோபம். திரையில் தெரிகிற பொம்மையை நம்பிவிட்டுக் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறவன்மேல் கோபம். கையெழுத்துப் போடாத, எப்போதோ செத்துப்போன அப்பாமேல்கூட. வகுப்பில் தப்பான அளவை நோட்டில் எழுதிய பிள்ளையை எழுந்து நிற்கவைத்தவன் நான். என்னைத் தினமும் பகல் ஒன்றரைக்குப் பொய் சொல்ல வைக்கிறாளே என்று இருந்தது.

ஒருநாள் தங்கை, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் இறங்கிவிட்டது என்று சொல்லச் சொன்னாள்.

"எண்ணெல்லாம் என்னால பொய் சொல்ல முடியாது" என்றேன்.

"இத்தன நாளா சொன்னது என்னாவாம்?"

"அது வாய்வார்த்தை. இது எண்ணு."

"உன் எண்ணத் தூக்கி உப்புல போடு" என்றாள். "உன் நேர்மைக்கு எம்புள்ள பதில் சொல்லணுமா? அவம் பொண்ணு அப்பன் இல்லாம நிக்கணுமா?"

நான் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் விடிகாலை, அங்கே நள்ளிரவில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் மகன் எனக்குத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, அம்மாவப் பாத்தா போட்டோ பாக்கற மாதிரி இருக்கு. ஒரே எடத்துல ஒரே மாதிரி. நீங்க வாங்கினது ஜூம் உள்ளதுதானே? ஒரு வாட்டி கிட்ட காட்டுங்க. ஒரே வாட்டி." நான் சரி என்றேன்.

ஒருவனைத் தவிர, இதுவரை இதை யாரிடம் சொன்னாலும், மகன் கேட்டான், அந்தக் கோபத்தில் செய்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவன் கூப்பிட்டதற்கும் நான் செய்ததற்கும் நடுவில் இரண்டு நாள் இருந்தது. லென்ஸை நீட்டினால் வெளிச்சம் குறைந்து படம் இருட்டாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் கட்டில் பக்கத்தில் ஒரு மேசைவிளக்கைக் கொண்டுவந்து வைத்தேன். "ஜெபப் புத்தகம் படிக்க வசதியா இருக்கும்" என்றேன். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்துச்சு" என்றாள் தங்கை, சந்தோஷமாக. திரை மூலையில் தெரிகிற அவளுடைய சின்னப் படத்தை மறைத்துவைத்தேன். கேட்டதற்கு, கணினி மக்கர் செய்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அவள் தூங்கும்போது திருகைத் தளர்த்தி, லென்ஸ் எவ்வளவு தூரம் திரும்புகிறது, எங்கே ஃபோகஸ் நிற்கிறது என்று பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தினநாள் கருவிகளை அடுக்கிவைப்பது மாதிரி. அதைச் செய்யும்போது எனக்குக் கோபம் இல்லை. உற்சாகமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். அவ்வளவு யோசித்து வாங்கிய லென்ஸை நான்கு மாதமாக ஒரு கோடியிலேயே பூட்டிவைத்திருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதை முழுக்கத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

கைப்பேசியாக இருந்தால் என்னால் முடிந்திருக்காது. கையில் எடுத்துக்கொண்டு கிட்டே போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இந்தக் கேமரா பலகையைவிட்டு அசையவில்லை. நானும் வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் நின்றேன். என் இரண்டு விரல் மட்டும் திரும்பியது.

தங்கை அன்று பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். நான் முதல் வளையத்தைக் கோடுவரை திருப்பினேன். பிறகு இரண்டாவதை. கேமரா காட்டுவது மடிக்கணினியில் மட்டும் தெரியும்படி வைத்து, அதன் திரையை என் பக்கம் திருப்பியிருந்தேன். அதில் அவள் முகம் வந்து நின்றது. தினமும் பக்கத்தில் இருந்தும் நான் அப்படி அதைப் பார்த்ததில்லை. பவுடர் சுருக்கங்களில் திரிதிரியாக நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. வாயோரத்தில் புண் வெடித்து, அதன்மேலும் பவுடர். தோள் பஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதற்குள் ஜெபமாலை விழுந்து கிடந்தது.

படம் அவ்வளவு துல்லியம். ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டிவியில் மகன் பேச்சு நின்றுபோயிற்று. "ரெண்டு இட்லி சாப்ட்டேன்டா, மூணாவது வைக்கறாங்க, வேணாம்னுட்டேன்" என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா" என்றான். "வாயோரத்துல என்னம்மா புண்ணு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள், அப்புறம் என்னை. என் விரல் இன்னும் வளையத்தின்மேல் இருந்தது.

"கொசு கடிச்சுட்சுடா" என்றாள். "வேலைக்கு நேரமாவுது பாரு. கெளம்பு."

தையல்காரம்மா இணைப்பை நிறுத்தினார். தங்கை, ரவிக்கையைக் கழற்றிவிடு என்று அவரிடம் சொன்னாள். நான் வெளியே போனேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த தையல்காரம்மா சமையலறை வாசலில் நின்றார்.

"நீங்க படிச்சவரு சார். நான் எட்டாவது. ஆனா ஒரு பொம்பள என்னைக் கிட்ட பாக்காதேன்னு சொன்னா அதுக்கு என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

"புள்ளைக்கு உண்மை தெரிய வேணாமா?"

"புள்ளைக்குத் தெரியணும்னா நேரா போன்ல சொல்லியிருக்கலாமே. வாயத் தொறந்து. எதுக்கு அவங்க மூஞ்சியத் திருடிக் காட்டணும்?"

நான் கத்தினேன். என் வீட்டில் வந்து எனக்கே நியாயம் சொல்லாதே என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

நான்காம் நாள் மகன் வந்து வாசலில் நின்றான். தோளில் ஒரு பை மட்டும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்த்த தாய் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குடா வந்தே?" பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அதன்பின் பத்தொன்பது நாள் இருந்தாள். மகன்தான் மோர் கொடுத்தான், மகன்தான் துணி மாற்றினான். அவள் சிரித்தும் கேட்டிருக்கிறேன், பக்கத்து அறையிலிருந்து. அதனால் நல்லதுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொருந்தவில்லை. என்னிடம் அவள் பேசவே இல்லை. நோயாளிக்கான எண்ணெய்ப் பூசுதல் கொடுக்க வந்த கோயில் சாமியார், யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா அம்மா என்று கேட்டபோது, "உண்டு சாமி" என்றாள். மன்னித்துவிட்டாயா என்று அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டாள். அது களைப்பாகவும் இருந்திருக்கலாம். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அடக்கம் முடிந்தபின் மகன் திரும்பிப் போக முடியவில்லை. நான் மொழிபெயர்த்த ரசீது சொன்னபடியேதான் நடந்தது. இரண்டு தடவை விசா மறுத்தார்கள். காகிதமில்லாமல் இருந்த வருடங்களையும் அவன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இப்போது ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான், அங்கேயே அறை எடுத்திருக்கிறான். மனைவியும் மகளும் பிரான்சில். ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவான். மனுக்களை நான் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பேன். என் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. அது ஒன்றுதான் என்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது.

மூன்றாவது மனுவை எழுதிய ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்துப் போட்டுவிட்டு, "பரவாயில்ல மாமா" என்றான். "அம்மா அன்னிக்குக் கூப்பிட்டாங்க. வாயால வான்னு சொல்ல முடியல, மூஞ்சியக் கிட்ட காட்டினாங்க. அவங்க காட்டச் சொல்லித்தானே நீங்க காட்டினீங்க? அது தெரிஞ்சதாலதான் மனச தேத்திக்கிறேன். அவங்க கூப்பிட்டாங்க, நான் வந்தேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது, என்மேல். இத்தனை பேரிடம் சொன்ன பொய் போதும், இவனிடமாவது உள்ளதைச் சொல்லிவிட்டு இறக்கிவைப்போம் என்று தோன்றியது. சொன்னேன். அவள் கிட்டே வராதே என்றதையும், திருகை எதிரில் முடுக்கச் சொன்னதையும், விளக்கையும், பென்சில் கோடுகளையும், ஒன்றையும் விடாமல்.

அவன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"அப்ப அவங்க என்னை வரவேணாம்னுதான் இருந்தாங்க."

"ஆமா."

"இத எதுக்கு மாமா இப்ப எங்கிட்ட சொன்னீங்க?"

"உனக்கு உண்மை தெரியணும்னு..."

"எனக்கா?" என்றான். "அன்னிக்கும் எனக்காகத்தான் திருப்பினீங்களா?"

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். காப்பி போட்டிருந்தேன், குடிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கேதான் கிளப்பினான்.

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கு மட்டும் வந்துபோகிறான், அவர்கள் சாப்பாடு போடுகிறார்கள். மூன்றாவது மனுவும் திரும்பி வந்துவிட்டதாம். அதற்கு முறையீட்டுக் கடிதம் எழுதவேண்டும், இரண்டு மாதத்துக்குள். கோர்ட் பக்கத்தில் தட்டச்சு செய்கிற யாரிடமோ எழுதி வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நேற்று தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த ஆள் அரைகுறைப் பிரெஞ்சில் எழுதியிருப்பான், ஒருமுறை நான் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன், நான் திருத்தியது என்று தங்கை மகனுக்குச் சொல்லவேண்டாம் என்றேன்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொல்லாம செய்யறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் சார். அவருகிட்ட கேக்கறேன். சரின்னா கொண்டாந்து தரேன்."

"வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம்" என்றார்.

கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.